கோர்ட்டுக்குத் தெரியாத தமிழ்

கிழக்கேகோட்டை மேத்தன் மணிக் கடிகாரத்தில் மர ஆடுகள் பதினொரு முறை தாடிக்காரப் பொம்மையின் கன்னத்தில் முட்டி ஓய்ந்தன.

அதே நொடி... கோர்ட்டில் ஓர் அலறல்!

"அய்யோ, இஞ்ச பாருங்க... பொய் சொல்லாதீங்க!"

உலகம்மை. கூண்டில் நின்ற தாணுவின் மனைவி.

தாணு அவள் பக்கம் திரும்பவில்லை. பழவங்காடி அரிசிக்கடை முதலாளி திரவியம், கடையின் பின்கட்டில் தலை உடைந்து செத்துக் கிடந்தார். அவரிடம் கணக்கு எழுதியவன் தாணு. நேற்றுவரை இல்லை, இல்லை என்றவன். இன்று ஒரே வரி சொல்லிவிட்டான்.

"நாந்தான் கொன்னேன்."

எல்லோரும் ஞானையனைப் பார்த்தார்கள்.

ஞானையன் கோர்ட்டின் மொழிபெயர்ப்பாளர். நாகர்கோவில்காரர். அந்த அறையில் எல்லோருக்கும் தமிழ் தெரியும். மலையாளியான ஜட்ஜுக்கும் தெரியும். கோர்ட்டுக்குத்தான் தெரியாது! ஞானையன் வாயிலிருந்து இங்கிலீஷாக வந்தால்தான் பதிவாகும்.

'அவன் குத்தினானாம்' என்று சொல்லக் கூடாது. 'நான் குத்தினேன்' என்றே சொல்ல வேண்டும். அதுதான் முறை. எத்தனையோ கொலைகாரர்கள் அவர் வாய்க்குள் புகுந்து 'நான்' என்று சொல்லிப் போயிருக்கிறார்கள்.

இன்று வாய் திறக்கவில்லை.

"மிஸ்டர் ஞானையன்?" என்றார் ஜட்ஜ்.

"தொண்டை, யுவர் ஆனர்... கொஞ்சம் தண்ணி..."

கோர்ட் இடைவேளைக்கு எழுந்தது.

கடைசி பெஞ்சில் ஒருவர் மட்டும் எழவில்லை. ஞானையனைப் பார்த்துச் சிரித்தார். காதோரம் ரத்தம்.

திரவியம்!

ஞானையன் கண்ணைக் கசக்கினார்.

வெறும் பெஞ்சு.

வராந்தாவில் உலகம்மை அவர் வழியை மறித்தாள்.

"சாரே, நீங்க சொல்லுததுதானே கோர்ட்டுல நிக்கும்?"

"ஆமா."

"அப்போ கொஞ்சம் மாத்திச் சொல்லப்பிடாதா?"

"எம்மா, அது குத்தம்."

"அதுக்கும் இங்கிலீஷ்ல வார்த்தை உண்டோ?"

"உண்டு. இல்லீகல், அன்லாஃபுல், ராங்ஃபுல், அன்ஜஸ்ட்... எத்தனையோ உண்டு."

"இத்தனையா? வெள்ளைக்காரன் அத்தனையும் செஞ்சு பாத்திருப்பான் போல."

ஞானையனுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது. அவள் தோளுக்குப் பின்னால் திரவியம் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"சாரே? எங்க பாக்கீங்க?"

"ஒண்ணுமில்ல... கேளு. மர்டர்னு ஒரு வார்த்தை. நெனச்சுச் செஞ்ச கொலை. அது விழுந்தா கயிறு. கல்பபிள் ஹோமிசைட்னு இன்னொண்ணு. அதுவும் ஆளைக் கொன்னதுதான். ஆனா ஜெயிலோட போவும்."

"ரெண்டுக்கும் நடுவுல என்ன இருக்கு?"

"மனசு."

"ரெண்டும் செய்யாதவருக்கு என்ன வார்த்தை?"

"இன்னொசன்ட்."

"அதச் சொல்லுங்களேன்!"

"அவரு சொன்னாத்தான் நான் சொல்ல முடியும்."

"அவரு சொல்லமாட்டாரு, சாரே." குரல் உடைந்தது. "முதலாளி எங் கையப் பிடிச்சு இழுத்தாரு. அன்னைக்குச் சாயங்காலமே கடைக்குப் போயி நாலு கேள்வி கேட்டுட்டு வந்தேன். அம்புட்டுதான். நேத்து ஒரு சாட்சி, கடையில பொம்பளைக் குரல் கேட்டுதுன்னுட்டான். நாந்தான் தள்ளியிருப்பேன்னு இவருக்கு ஒரு நெனப்பு. எனக்காகக் கழுத்த நீட்டுதாரு."

"நீ... வரும்போது திரவியம்?"

"உயிரோடதான் நின்னாரு. வேற யாரோ கதவத் தட்டுனாங்க. நான் பின்வாசல் வழியா வந்துட்டேன். தட்டுனது யாருன்னு பாக்காமப் போயிட்டேனே, பாவி!"

திரவியம் துப்பினார். தரையில் கறை இல்லை.

"போ, பிள்ளை," என்றார் ஞானையன். "கோர்ட் கூடப்போவுது."

மறுபடி கோர்ட்.

ஜட்ஜ் இங்கிலீஷில் கேட்டார். ஞானையன் அதைத் தமிழில் கேட்டார்.

"தாணு, நீ சொன்னதுல ஏதாவது மாத்தணுமா?"

தாணு உதட்டை இறுக்கிக்கொண்டான். உலகம்மை புடவைத் தலைப்பைக் கடித்தாள்.



ஞானையன் நிமிர்ந்தார். இங்கிலீஷில் ஆரம்பித்தார். பிசிறில்லாத குரல்.

"நான் அவரைக் கொன்றேன், யுவர் ஆனர். ஆனால் அது மர்டர் அல்ல."

டைப் மிஷின் தடதடத்தது.

"தன் நிலவழக்கில் சாட்சி சொல்வதை மாற்றிச் சொல்லும்படி திரவியம் கேட்டார். முடியாது என்று சொல்லவே அன்று சாயங்காலம் போனேன். கதவைத் தட்டினேன். வேறு வாசல் வழியாக யாரோ போகும் சத்தம் கேட்டது. 'உன் வாய்க்கு என்ன விலை?' என்று கேட்டார். சிரித்தார். தள்ளினேன். பின்னால் எடைக்கல் இருந்தது... அது எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து எல்லா வார்த்தைகளையும் எனக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஹோமிசைட் வரைக்கும் ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மேற்பட்டது என் அளவில்லை."

டைப் மிஷின் நின்றது.

உலகம்மைக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் கூண்டில் தாணுவின் தலை மெல்ல நிமிர்வதைப் பார்த்தாள்.

கடைசி பெஞ்சில் இப்போது யாரும் இல்லை.

ஜட்ஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அந்தக் கூண்டுக்கு முன்னால் முதல் தடவையாகத் தமிழில் பேசினார்.

"மிஸ்டர் ஞானையன்... அவன் வாயே திறக்கலையல்லோ! நீங்க இப்போ யாரு சொன்னதை மொழிபெயர்க்கறது?"