அளவு நோட்டு

சட்டைக் கை நாலு அங்குலம் குறைந்திருந்தது.

தையல்காரி மகளைத் திருப்பி நிறுத்தி மறுபடி பார்த்தாள். ஊருக்கெல்லாம் ஒன்றுக்கு இரண்டு முறை அளவெடுத்துத் தைக்கிறவள், சொந்தப் பிள்ளைக்கு மட்டும் போன மாதம் நோட்டில் எழுதியதைப் பார்த்து வெட்டிவிட்டாள். கை நீளம் பதினாறு. பதினேழு வருடத் தொழிலில் கத்தரி ஒருநாளும் தப்பியதில்லை. ஏழு வயது வாலு, ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்காத பிள்ளை, இப்போது கொடியில் போட்ட துணி மாதிரி அசையாமல் நின்றது.

டேப்பை எடுத்து வைத்தாள். வலது கை இருபது. இடது கை இருபத்தொன்று.

சந்தைக் கூட்டத்தில் கைநழுவித் தொலைந்து, மூன்று நாள் ஊரையே சல்லடை போட்டுத் தேடியும் கிடைக்காமல், நாலாம் நாள் விடிகாலையில் தானாகவே வாசற்படியில் வந்து உட்கார்ந்திருந்த பிள்ளை இது. வந்து பத்து நாள் ஆகிறது. எங்கேடி போனாய் என்று கேட்டதற்குச் சிரித்தது. அன்றைக்கு ஒட்டிய வாசனை, மழையில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாசனை, எத்தனை சோப்புப் போட்டாலும் போகவில்லை. மெஷின் எண்ணெயையும் இஸ்திரிச் சூட்டையும் தாண்டி இப்போதும் அது மூக்கில் ஏறியது.

"என்னங்க, இவ கையக் கொஞ்சம் பாருங்க."

பஸ் ஓட்டிவிட்டு வந்து டீ குடித்துக்கொண்டிருந்த கணவர் தலையைத் தூக்கவில்லை. "வளர்ற புள்ள. வளராம சுருங்கவா செய்யும்?"

"ஒரு மாசத்துலயா?"

"உனக்குப் பயப்படறதுக்கு ஏதாவது ஒண்ணு வேணும். காணோம்னு அழுத. வந்துட்டா. வந்த நாள்லேர்ந்து ஒரு தடவ அவளக் கட்டிப் புடிச்சியா? நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

சுருக்கென்றது. பொய்யில்லையே. குளிப்பாட்டினாள், ஊட்டினாள், பக்கத்தில் படுக்க வைத்தாள். நெஞ்சோடு சேர்த்து அணைக்கவில்லை. பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பயந்தவள் தானும் ஒரு தாயா என்று தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. போதும். நாலு அங்குலம் வளர்ந்தால் என்ன, நாலு முழம் வளர்ந்தால்தான் என்ன. துணி போட்டு ஒட்டினால் ஆயிற்று. நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கசக்கிப் போட்டாள். மெஷினுக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டுக் கைகளை விரித்தாள்.

"வாடி என் தங்கம்."

குழந்தை வந்தது. சில்லென்ற கன்னம் கழுத்தில் பதிந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பயம் போயே போய்விட்டது. இவ்வளவுதானா, இதற்கா பத்து நாளை வீணாக்கினோம் என்று சிரிப்புகூட வந்தது. சின்னக் கைகள் முதுகைச் சுற்றின.

சுற்றி முன்பக்கம் வந்தன.

விலாவில் விரல்கள். மறுபடி முதுகுக்கு. இரண்டாம் சுற்று.

"பாத்தியா, எவ்ளோ பாசம்," என்றார் அவர். அவருக்குத் தெரிந்தது குழந்தையின் முதுகு மட்டும்தான்.

அவள் கத்தப் பார்த்தாள். பின்னந்தலையில் ஒரு உள்ளங்கை. அது அவள் வாயைக் குழந்தையின் தோளோடு அழுத்தியது. ஒரு கண் மட்டும் வெளியே. எதிரே ஜன்னல்.

வாசல் கதவை யாரோ தட்டினார்கள்.

"அம்மா, நான்தாம்மா. கதவத் தொறம்மா. வழி தெரியாம சுத்திட்டேன்."

ஜன்னலில் ஒரு முகம் எக்கிப் பார்த்தது. சேறு அப்பிய முகம். ஒட்டிப்போன கன்னம். கம்பியைப் பிடித்த கை. டேப்பே வேண்டாம் அவளுக்கு. பதினாறு.

அவர் ஜன்னலைப் பார்த்தார். திரும்பி, தாயைக் கட்டிக்கொண்டு நிற்கும் மகளைப் பார்த்தார். கிளாஸ் கையிலிருந்து விழுந்தது.

"அப்பா..." என்றது ஜன்னலில் இருந்த முகம்.

"பாக்காத," என்றார் மனைவியிடம். "கண்ண மூடிக்க. அது நம்ம புள்ள இல்ல."

மேல் தாழ்ப்பாளைப் போட்டார். கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டார். ஜன்னலைச் சாத்தினார். அவள் கால்களை உதைத்தாள். அழுகிறாள் என்று நினைத்து, கதவில் சாய்ந்தபடியே, "அழாத," என்றார் அவர்.

வெளியே சின்னக் கை தட்டிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் சுற்று.