சிப்பி இல்லாத கோப்பை

“கோப்பைக்குக் கீழே ஏன் அங்கிள் சிப்பி வைக்கிறீங்கள்?”

“சூளைக்குள்ள விறகுச் சாம்பல் பறக்கும், மெலனி. கோப்பையில விழுந்து கண்ணாடி மாதிரி உருகி வழியும். சிப்பி இல்லாட்டி கோப்பை சூளைத் தட்டோட ஒட்டிப்போடும்.”

“அப்ப சிப்பி ஒட்டாதோ?”

“அது வெந்து மாவாப் போயிடும். அச்சு மட்டும் நிக்கும்.”

சூளை எரிந்த நாட்களெல்லாம் மெலனிக்கு றொகான் அங்கிளோடு பேசிய இந்தப் பேச்சே நினைவில் ஓடியது.

சிட்னிக்கு வெளியே, யூகலிப்டஸ் மரச் சரிவில், மண்பாண்டக் கலைஞர் கெய்கோ அன்ரி ஜப்பானிய முறையில் கட்டிய சூளை அது. சாய்ந்து தூங்கும் திமிங்கிலம் போல இருக்கும். வாயில் விறகைப் போட்டால் வால் பக்கம் புகை விடும்.

றொகான் அங்கிள் அங்கேதான் மண்பாண்டம் செய்யப் பழகினார். அம்மாவைக் கலியாணம் செய்து, போன வருடம் குவேக்கர்ஸ் ஹில் வீட்டுக்கு வந்தவர் அவர்.

அவருக்காக மெலனி ஒரு கோப்பை செய்திருந்தாள். அது அழகாக வந்தால், கொடுக்கும்போது ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வி வெகு நாளாக அவள் நெஞ்சுக்குள் இருந்தது.

ஆனால், சூளையில் அடுக்கும்போது தோழி ஜஹ்ராவின் சிப்பிகள் கைதவறி விழுந்து நொறுங்கின. வேறு சிப்பியும் இல்லை.

“உம்மாக்குச் செஞ்ச கிண்ணம்!” ஜஹ்ராவின் உதடு துடித்தது.

“அழாதை. இந்தா.” மெலனி தன் சிப்பிகளைக் கொடுத்துவிட்டு, தன் கோப்பையை வெறும் தட்டில் வைத்தாள்.

இரவில் கண்ணை மூடினால், நெருப்புக்குள் அவள் கோப்பை மெல்ல மிதந்தது. அதன்மேல் சாம்பல் பனி போலப் பெய்தது.

சூளை ஆறியதும் திறந்தார்கள். ஜஹ்ராவின் கிண்ணத்தில் சிப்பி அச்சுகள் பூப்போல விரிந்திருந்தன. மெலனியின் கோப்பை மழை நனைத்த இலை போலப் பச்சையாக மின்னியது. ஆனால் தட்டோடு ஒட்டி, அசையவில்லை.

“ஆர் இதுக்குச் சிப்பி வைக்கேல்லை?” என்றார் றொகான்.

“எனக்குத் தந்துட்டா, அங்கிள்!” என்றாள் ஜஹ்ரா.

அவர் மெலனியை ஒரு கணம் பார்த்தார். பிறகு சிற்றுளியால் மெதுவாகத் தட்டினார். டிக். கோப்பை விடுபட்டது. அடியில் ஒரு துண்டு போய்விட்டது.

கெய்கோ அன்ரி அதை வெயிலில் திருப்பிப் பார்த்து, “இதை விட்டுத்தர சூளைக்கு மனமே வரவில்லை!” என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்.

“அது... உங்களுக்குத்தான் செய்தனான், அங்கிள். பழுதாப் போச்சு.”

றொகான் கோப்பையைக் கழுவி, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினார். கதிரையில் வைத்தார். அது சரியப் பார்த்தது. சட்டென்று பிடித்துக்கொண்டார்.

“இதைக் கீழே வைக்கேலாது, பிள்ளை. குடிச்சு முடியுமட்டும் கையிலேயே வச்சிருக்கவேணும்.”

இரண்டு கையாலும் பொத்திக் குடித்தார். மெலனி பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அங்கிள்...”

“ம்?”

“நான் உங்களை அப்பா எண்டு கூப்பிடட்டோ?”