சமிக்ஞை கொடுக்காத தட்டு

நான்காம் தட்டில் செல்கள் வளர்ந்திருக்கக் கூடாது.

மற்ற மூன்றிலும், செல்களை வளரச் சொல்லும் சமிக்ஞைப் புரதத்தைப் பெரியக்கா தன் கையாலேயே விட்டிருந்தாள். நான்காவதில் ஒரு சொட்டுகூட இல்லை. அந்தச் செய்தி கிடைக்காவிட்டால் மூளைக்கட்டிச் செல்கள் ஒடுங்கிக் கிடக்கும். முப்பது வருட ஆராய்ச்சியில் அவள் கண்டது அதுதான். ஆனால் விடுமுறை நாளின் மதிய வெளிச்சத்தில், குளிர்பெட்டிகளின் உறுமலும் ஸ்பிரிட் வாடையும் தவிர வேறு துணையில்லாத அந்த நீண்ட ஆய்வுக்கூடத்தில், நுண்ணோக்கியின் கீழே அவை கொழுத்து, மெல்லிய கைகளை நீட்டிக் கிடந்தன. எல்லாக் கைகளும் இடப்பக்கமாக. அவள் உட்கார்ந்திருந்த பக்கம்.

தட்டின் மேல் வெறும் எண்தான். உள்ளே இருப்பது செத்துப்போன தன் தம்பியின் கட்டி என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

தங்கை போனில் கூப்பிட்டாள்.

"பெரியக்கா, மாப்பிள்ளை வீட்டுல கேக்குறாங்க, தம்பி எதுல போனான்னு."

"மாரடைப்புன்னு சொல்லு."

"அப்பா போனப்பவும் அதையேதான் சொன்னோம். இந்தக் குடும்பத்துக்கே இதயம் வீக்குன்னு பேசிக்கிறாங்க!"

"பேசட்டும். தலைக்குள்ள வர்ற வியாதி நம்ம வம்சத்துல கிடையாது. அவன் பொண்ணு கல்யாணம் நடக்கணுமா வேண்டாமா?"

"உன் தலைவலி எப்படி இருக்கு?"

"கண்ணாடி மாத்தணும், அவ்வளவுதான். போனை வை."

கை தவறி அந்தப் புரதம் இதிலும் தெறித்திருக்கும் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். ஆனாலும் நாற்காலியைத் தூக்கி நுண்ணோக்கியின் வலப்பக்கம் போட்டு, முதுகு வளையாமல் உட்கார்ந்து, காகிதங்களைப் புரட்டியபடி மூன்று மணி நேரம் காத்திருந்தாள்.

குனிந்து பார்த்தாள்.

எல்லாக் கைகளும் வலப்பக்கம் திரும்பியிருந்தன.

செய்தி தட்டுக்குள் இல்லை. வெளியிலிருந்து வருகிறது. ஒரு கட்டி இன்னொரு கட்டிக்கு அனுப்பும் செய்தி. கூடத்தில் வேறு யாரும் இல்லை.

இடது காதுக்கு மேலே, மண்டைக்குள், வலி மெல்லத் துடித்தது.

செல்களைக் கொல்லும் பிளீச் புட்டியை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். ஊற்ற மனம் வரவில்லை. தம்பி. ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு.

கண்ணை வைத்தாள். காட்சி மங்கலாக இருந்தது. திருகைத் திருப்பி லென்ஸைச் சற்று உயர்த்தினாள். தெளிந்தது. மறுபடியும் மங்கியது. இன்னும் உயர்த்தினாள். தெளிந்தது. மங்கியது.

லென்ஸில் கோளாறில்லை.

செல்கள் எழும்பிக்கொண்டிருந்தன. கைகளைக் குவித்து. நேராக மேலே. அவள் கண்ணை நோக்கி.