பாம்புத்தலைத் தேவதை

"எங்கட வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூட நாடகத்தில பேயாய் ஆடுறதோ? நாலு சனம் என்ன சொல்லும்?"

ஊரைவிட்டு வந்து குடியேறிய பல்லாரோச் சந்தையடி வீட்டில், அப்பா நகுலேஸ்வரன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பேய் இல்லையப்பா. ஃபூரியே. பழைய கிரேக்கத்துப் பழிவாங்கும் தேவதையள். தாயைக் கொன்ற இளவரசனைத் துரத்துவினம்" என்றாள் நிரோசினி.

"தலையில பாம்பு?"

"நயினாதீவு அம்மனுக்கும் பாம்பு இருக்குத்தானே!"

அப்பா கதிரையில் சாய்ந்தார். "சரி, வாறன். ஆனா எங்கட மானம் உன்ர கையில" என்றார்.

இளவரசனாக நடித்த மாட்டியா ஒத்திகையில் ஒருநாள், "உன் முகத்துக்கு மட்டும் கறுப்பு மை பூசவே தேவையில்லை!" என்று சிரித்திருந்தான். நிரோசினி அதை மறக்கவில்லை.

நாடகத்தன்று அவள் மேடையில் அவனை உண்மையான கோபத்தோடு துரத்தினாள். கம்பளி நூல் பாம்புகள் துள்ளின. மாட்டியா உண்மையாகவே பயந்து ஓடினான்.

இப்போது ஞானத்தேவதை வந்து பழிவாங்கும் தேவதைகளைச் சாந்தப்படுத்த வேண்டும். ஆனால் அந்த வேடம் போட்ட கியாரா, திரைக்குப் பின்னால் சபையைக் கண்டு பயந்து நின்றாள். ஆசிரியை தள்ளியும் வரவில்லை.

துரத்தல் மேடையைச் சுற்றி நான்காவது சுற்று. ஐந்தாவது சுற்று. மண்டபம் சிரிக்கத் தொடங்கியது. மூன்றாவது வரிசையில் அப்பா தலைகுனிந்தார்.

நிரோசினிக்குக் கண்ணகை அம்மனின் நினைவு வந்தது. கோபத்தோடு வந்த அம்மனை ஊர்ச்சனம் விரட்டவில்லை. கோபம் தணிக்கும் குளிர்த்திப் பாட்டுப் பாடி, இருக்க இடம் கொடுத்தது என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

அவள் காலை ஓங்கி மிதித்தாள். "இளவரசனே, நில்! பிழையை ஒப்புக்கொள். எங்களுக்குத் தண்ணீர் கொடு. இந்த ஊரில் இடம் கொடு. பிறகு நாங்களே உங்களுக்குக் காவல்!"

மாட்டியா விழித்தான். ஓடிப்போய் ஆசிரியையின் தண்ணீர்ப் போத்தலை எடுத்துவந்து முழந்தாளிட்டான்.

"நான் சொன்னது பிழை. மன்னித்துவிடு. இது உன்னுடைய ஊரும்தான்."

நாடகத்தில் இளவரசன் எதையும் சொல்லவில்லை, கொலைதான் செய்தான். மாட்டியா எதைச் சொல்கிறான் என்று நிரோசினிக்குத் தெரியும். போத்தலை வாங்கிக் குடித்தாள். உள்ளே குளிர்ந்தது.

அதைப் பார்த்துத் துணிவு வந்த கியாரா ஓடிவந்து, தன் இலைக் கிரீடத்தை நிரோசினியின் பாம்புகளின் மேல் வைத்தாள்.

மண்டபம் அதிர்ந்தது. முதலில் எழுந்து கைதட்டியவர் நகுலேஸ்வரன்.

"இதில் உங்கள் பிள்ளை யார்?" என்று பக்கத்து இருக்கைச் சின்யோரா அம்மையார் கேட்டார்.

"அந்தப் பாம்புத்தலை!" என்று அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

வீட்டுக்குப் போகும்போது நிரோசினி பாம்புகளைக் கழற்றப் போனாள்.

"கழட்டாதை பிள்ளை" என்றார் அப்பா. "சந்தைக்குள்ளால போவம். பல்லாரோச் சனமும் பாக்கட்டும்!"