பச்சை வயர்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு வெயிலில் இறங்கும்போதே கபீருக்கு முகம் கோணிவிட்டது. யாரோ ஒருவன் யூடியூப் பார்த்து வீட்டிலேயே கட்டிய மெஷினாம். அதைப் பார்க்கக் கடையநல்லூரிலிருந்து அவன் பஸ் ஏறி வரவேண்டியிருக்கிறது. துபாயில் ஒன்பது வருஷம் லாரி நீள மெஷின்களை மேய்த்தவன் அவன். மெஷின் தெரிந்தவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் முதல் பெயர் தன்னுடையது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாவது பெயரைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தான்.

சந்தேகம் கேட்டு போன் பண்ணுகிறவனை இரண்டு ஏசு ஏசாமல் அவன் வாயிலிருந்து பதில் வராது. ஏசிய பிறகும் பாதிதான் வரும்.

ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய தறிக்கூடம். சுப்புலட்சுமி வாசலில் சாவியோடு நின்றாள். புருஷன் செத்து எட்டு மாதம். பலகையில் பெயர் செதுக்கும் அந்த மெஷினைத் தொட்டபடிதான் கரண்டு அடித்துச் செத்தான்.

"அவுக போன்ல 'மெஷின் சார்'னு உங்க நம்பர்தான் இருந்துச்சு அண்ணாச்சி. போன வாரந்தான் மெஷினப் போட்டுப் பாத்தேன். நடுங்குதே தவிர நகர மாட்டேங்கு. பயந்துபோய் உடனே நிப்பாட்டிட்டேன்."

"ஆயிரம் பேர் போன் பண்ணுதான். எவன் எவன்னு நான் எங்கன கண்டேன்" என்றான் கபீர்.

உள்ளே மரத்தூள் வாசனை. அதற்கு அடியில் இன்னொன்று. கருகிய வாசனை. எட்டு மாதத்தில் போயிருக்க வேண்டியது, போகவில்லை.

கட்டில் அகலத்துக்கு அலுமினியச் சட்டம். நடுவில் மரம் குடையும் கட்டர். அதை முன்னும் பின்னும், இடமும் வலமும் நகர்த்த கைப்பிடி அளவு மோட்டார்கள். ஒவ்வொரு வயரிலும் ஒரு சின்னக் காகிதச் சீட்டு, அதில் உருண்டையான பால்பென் எழுத்து. 'முன் மோட்டார். சிவப்பு. மேல்.' திருகாணி டப்பாவில்கூட 'இது நீளம்', 'இது குட்டை.'

கபீருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எல்.கே.ஜி. பிள்ளைக்கு லேபிள் ஒட்டுன மாதிரில்லா இருக்கு!"

அவள் சிரிக்கவில்லை.

"எல்லாரும் இப்பிடித்தான் சிரிக்காக அண்ணாச்சி. தெரியாத வேலையில கைய வச்சு தானே மாட்டிக்கிட்டான்னு கருமாதி வீட்டுலயே பேசினாக. என் மவட்ட பள்ளிக்கூடத்துல கேக்காளுவ, உங்கப்பா லூசான்னு. மெஷின் ஓடாட்டியும் போவுது. நீங்க தெரிஞ்சவுக. அவுக தப்பா, இல்லையா, அத மட்டும் பாத்துச் சொல்லுங்க. அந்த ஒரு வார்த்த போதும்."

"பாத்துச் சொல்லுதேன். ஆனா தெரியாதவன் தொட்டா இப்பிடித்தாம்மா ஆவும்."

சுவிட்சைப் போட்டான். பக்கவாட்டு மோட்டார் ஓடியது. முன் மோட்டார் 'கிர்ர்' என்று நடுங்கியது, ஒரு நூல்கூட நகரவில்லை. அணைத்துவிட்டு இரண்டு மோட்டார்களின் வயரையும் இடம் மாற்றிச் செருகினான். கன்ட்ரோல் பெட்டியில் கோளாறு என்றால் இப்போது மற்ற மோட்டார் நடுங்க வேண்டும். நடுங்கியது அதே முன் மோட்டார்தான்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. மோட்டார்தான் போச்சு. மட்ட ரகம்."

மீட்டர் வைத்துப் பார்த்தான். உள்ளே இருந்த இரண்டு சுருளும் ஒரே அளவு காட்டின. வயரை வளைத்தான், ஆட்டினான். எங்கும் அறுபடவில்லை. மட்ட ரகம் என்று சொன்ன வாய் கொஞ்சம் மூடியது.

மெயின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டு, மோட்டாரைக் கழற்றிக் கையில் எடுத்தான். வயர் நான்கும் எதையும் தொடாமல் தொங்கின. இந்த நிலையில் எந்த மோட்டாரின் தண்டும் இரண்டு விரலுக்குச் சுற்றும்.

சுற்றவில்லை.

கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகினான். அசையவில்லை.

"பேரிங் துருப்பிடிச்சுட்டு. இந்தா, நீயே பாரும்மா."

அவள் வாங்கி இரண்டு விரலால் திருப்பினாள். தண்டு வழுக்கிக்கொண்டு சுற்றியது. ஒரு சத்தம் இல்லை.

"நல்லாத்தான சுத்துது?"

கபீர் வெடுக்கென்று திரும்ப வாங்கினான். அவன் விரல் பட்டதும் தண்டு இறுகியது. பிறகு அவன் திருப்பிய திசைக்கு எதிராக, மெதுவாக, ஒரே ஒரு படி நகர்ந்தது.

டக்.

உள்ளேயிருந்து யாரோ பிடித்துத் திருப்பியது போல இருந்தது.

"குடிக்கத் தண்ணி கொண்டா" என்று அவளை அனுப்பினான். குரல் அவனுக்கே பிடிக்காத மாதிரி வந்தது. மோட்டாரைக் கீழே வைத்துவிட்டுக் கன்ட்ரோல் பெட்டியின் மூடியைத் திறந்தான். வயர்கள் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தன. அவன்கூட அவ்வளவு ஒழுங்காகக் கட்டியதில்லை. மூலையில் ஒரு பச்சை வயர் மட்டும் கழன்று, முனையில் கறுப்பு டேப் சுற்றிக் கிடந்தது. எர்த் வயர். கசிகிற கரண்டை மண்ணுக்குள் கொண்டுபோய் விடுவது. அது இல்லாவிட்டால், கட்டரில் கசிகிற கரண்டு முழுவதும் சட்டத்தில் நிற்கும். தொடுகிறவன் உடம்பு வழியாகத்தான் இறங்கும்.

அதிலும் ஒரு சீட்டு.

'எர்த். கழற்றியது. கபீர் சார் சொன்னபடி. டிசம்பர் 18.'

அப்போதுதான் ஞாபகம் வந்தது. "சங்கரநாராயணன் பேசுதேன் சார். கட்டர் ஓடும்போது மெஷின் பாதியில நிக்கி சார்." நாலு தடவை போன் பண்ணியிருந்தான். கபீர் அந்த நம்பரை 'லூசு' என்று போட்டு வைத்திருந்தான். ஐந்தாவது போன் வந்தபோது அவன் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தான், கையெல்லாம் பிரியாணி.

"எர்த்தக் கழட்டி எறியும்வே. எல்லாம் சரியாப் போவும். இனிமே போன் பண்ணாதீரும்."

"ரொம்ப நன்றி சார்."

அதற்குப் பிறகு அவன் போன் பண்ணவே இல்லை. ஒருவழியாகப் புத்தி வந்தது என்று கபீர் நினைத்துக்கொண்டான்.

முற்றத்தில் செம்பு வைக்கும் சத்தம் கேட்டது. கபீர் சீட்டைப் பிய்த்துச் சட்டைப் பையில் திணித்தான். ஊருக்கே புத்தி சொன்னவன் செய்த முதல் காரியம் அது. பிறகு பச்சை வயரைச் சட்டத்தோடு சேர்த்து முடுக்கினான். மோட்டாரை மாட்டி, வயர்களைப் பழையபடி செருகி, பிளக்கையும் மாட்டி, சுவிட்சைப் போட்டான்.

முன் மோட்டார் வெண்ணெயாய் ஓடியது.

எங்கே கோளாறு என்று அவனுக்கு அப்போது புரிந்தது, புரியாமலே இருந்திருக்கலாம். சட்டத்தில் எர்த் இல்லாதவரை அந்த மெஷின் அவளை வேலை செய்ய விடவில்லை. அவ்வளவுதான் கோளாறு.

சுப்புலட்சுமி செம்போடு நின்றாள். ஓடுகிற மெஷினை அவள் பார்க்கவே இல்லை.

"அவுக தப்பா அண்ணாச்சி?"

இரண்டே வார்த்தை போதும். 'இல்ல, என்னுது.' எட்டு மாதம் கூனிப்போயிருந்த ஒருத்தி நிமிர்ந்திருப்பாள்.

"ஆமாம்மா. எர்த்து வயர அவரே கழட்டிப் போட்டிருக்காரு. வெவரம் பத்தல."

அவள் தலை குனிந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மெஷின் நின்றது.

பிறகு கட்டர் தலை தானாக நகர்ந்தது. அவசரமே இல்லாமல், அவன் நின்ற பக்கம் வந்தது. சட்டத்தின் விளிம்புவரை வந்து, அவன் சட்டைப் பைக்கு நேராக நின்று நடுங்கியது.

கிர்ர்.

கபீர் பிளக்கைப் பிடுங்கினான். தண்ணீரைத் தொடவில்லை. பையை அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தவன் முதுகில் அவள் குரல் விழுந்தது.

"ஆனா அண்ணாச்சி, அவுக யாராவது சொல்லாம எதையும் கழட்ட மாட்டாகளே."

கபீர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடையை எட்டிப் போட்டான்.

மறுநாள் காலை வீட்டு முன்பக்கம் இருந்த தன் ரிப்பேர் கடையைத் திறந்ததும் ஒரு மோட்டாரை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். இறுகியிருந்தது. அலமாரியில் இருந்த பதினொன்றையும் மேசைமேல் பரப்பினான். ஒன்றுகூடச் சுற்றவில்லை. காப்பி கொண்டுவந்த மனைவி ஷாஹின் பானுவிடம் ஒன்றை நீட்டினான். அவள் ஒரு விரலால் சுற்றிக் காட்டினாள். "இதுக்கா காலையிலயே மொகத்த இப்பிடி வச்சிருக்கிய?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நேற்றைய சட்டையைத் துழாவினான். பையில் சீட்டு இல்லை.

கை ஊன்றிய இரும்பு மேசை சுரீரென்று இழுத்தது. உதறிக்கொண்டு எழுந்து மெயினை அணைத்தான். துபாயிலிருந்து வந்த வருஷம் அவன் கையாலேயே போட்ட வயரிங் அது. சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மேசைக்கு அடியில் இருந்த வயரிங் பெட்டியின் நாலு திருகாணியையும் கழற்றினான்.

பச்சை வயர் கழன்று கிடந்தது. முனையில் கறுப்பு டேப், வெகு ஒழுங்காகச் சுற்றியிருந்தது. அதில் ஒரு சின்னக் காகிதச் சீட்டு, உருண்டையான பால்பென் எழுத்து.

'எர்த். கழற்றியது. சார் சொன்னபடி.'

கீழே இன்றைய தேதி போட்டிருந்தது.