இரண்டாவது துளை

காலை 10.40. ஒத்திகை அறையில் நான்காவது பாட்டின் நடுவே கிட்டார் கீழே விழுந்தது. விழுந்த சத்தம்கூடப் பெரிதில்லை. அதன் கழுத்து முறிந்த சத்தம்தான் பாட்டை நிறுத்தியது. கிட்டாருக்குச் சொந்தக்காரரான அண்ணன் விரல்களை மடக்கியபடி அப்படியே நின்றார். தோளில் தோல் வார் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. புத்தம் புது வார். தங்கை அளவு கொடுத்துச் சொல்லிச் செய்யவைத்து, அன்று காலை ஒன்பதரைக்குத்தான் அவர் கையில் கொடுத்திருந்தாள். மாலை ஆறு மணிக்கு மேடை.

10.55. வாரின் பிய்ந்த முனையைப் படம் பிடித்து, ஊரிலுள்ள வாத்தியக்காரர்கள் எல்லோரும் இருக்கும் கைப்பேசிக் குழுவில் அண்ணன் போட்டார். ‘கை வேலைன்னு நம்பினேன். ஒரு மணி நேரம் தாங்கல.’ கீழே, செய்தவரின் எண்.

11.05. அந்த எண்ணுக்கு உரியவர் தன் பட்டறையில் ஒரு வாரின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயது. குழுவில் அவருக்கு வார்க்காரம்மா என்று பெயர். இருபத்திரண்டு வருடத்தில் அவர் செய்த எந்த வாரும் பிய்ந்ததில்லை. படத்தைப் பார்த்ததும் அவமானத்தில் காது சூடானது. அதற்குள் இரண்டு பேர் கூப்பிட்டு, கொடுத்த ஆர்டரை இப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம்வரை அந்தப் படம் அங்கேயே கிடந்தால் பட்டறைக் கதவைச் சாத்திவிட வேண்டியதுதான்.

ஆனால் தன் வேலைமேல் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. பூதக்கண்ணாடியைப் பையில் போட்டார், துளையிடும் உளியையும் சுத்தியலையும் போட்டார், பட்டறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்.

11.35. ஒத்திகை அறையில் நான்கு பேர். கிட்டார் வாசிக்கும் அண்ணன், பனைமரம் போல் நெட்டை. பாடும் தங்கை, உயரத்தில் அண்ணனுக்கு அரை விரல்கூடக் குறைவில்லை. கீபோர்டு வாசிக்கும் சித்தப்பா, ஆள் பாதி தொந்தி பாதி. அண்ணனுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான், தோள்வலி வந்தபின் கீபோர்டுக்கு மாறியவர். கடைசியாக, தங்கையின் கணவர், அந்த வீட்டு மாப்பிள்ளை. டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தால் தலைமுடி மட்டும் தெரியும் உயரம். எல்லோருக்கும் டீ வந்திருந்தது. மாப்பிள்ளை மட்டும் கண்ணாடி கிளாஸை இடது உள்ளங்கையில் வைத்து, விரல் நுனி படாமல் ஏந்திக்கொண்டிருந்தார்.

“அவருக்கு விரல் நுனியெல்லாம் புண்ணுக்கா. டிரம்ஸ் அடிச்சு அடிச்சு அப்படி ஆயிடுச்சு” என்றாள் தங்கை, பேச்சை வேறு பக்கம் திருப்ப ஏதாவது வேண்டுமே என்று. அண்ணனின் கோபத்துக்கும் வார்க்காரம்மாவின் முகத்துக்கும் நடுவில் அவள் பாடு திண்டாட்டமாக இருந்தது.

வார்க்காரம்மா வாரைக் கேட்டு வாங்கினார். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்தார். முதலில் பிய்ந்த முனை, பிறகு நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏழு துளைகள். முதல் துளையில் கொக்கியை மாட்டினால் வார் மிகவும் குட்டை, ஏழாவதில் மிகவும் நீளம். அண்ணனின் பழைய வாரைத் தங்கை திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து காட்டியதை வைத்து, ஆறாவதில் வார்க்காரம்மாவே மாட்டிக் கொடுத்திருந்தார். இப்போதும் ஆறாவதில்தான் இருந்தது. ஆனால் அவர் பார்வை இரண்டாவது துளையில் நின்றது. அந்தத் துளை லேசாக நீண்டிருந்தது. அதன்மேல் குறுக்கே ஒரு மடிப்பு.

“இதைக் கிட்டார்ல மாட்டினது யாரு, தம்பி?”

“நான்தான்” என்றார் அண்ணன். “வெண்ணெயில கத்தி இறங்கின மாதிரி இறங்குச்சு. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.”

வார்க்காரம்மா தலையாட்டிக்கொண்டார். முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு வாரை வாங்க வந்த தங்கையிடம் அவர் ஒன்று சொல்லியிருந்தார்: முதல் பத்து நாள் வாரின் முனையில் இருக்கும் துளை இறுக்கமாக இருக்கும், கட்டைவிரல் வலிக்க வலிக்கத்தான் அதைக் கிட்டாரின் குமிழில் மாட்ட முடியும். சொன்னீர்களே என்று தங்கை இப்போது ஒப்புக்கொண்டாள். அப்புறம், வாரை வைத்துக் கொடுத்த பெட்டி ராத்திரி எங்கே இருந்தது என்று வார்க்காரம்மா கேட்டார். தங்கை வீட்டு அலமாரியில். வீட்டில் யார் யார்? தங்கை, மாப்பிள்ளை, சித்தப்பா. மேடைக்கு முந்தின நாள் சித்தப்பா அங்கேதான் தங்குவார்.

“பெட்டியைத் திறந்தீங்களா?” என்று மூவரையும் கேட்டார்.

தங்கை இல்லை என்றாள். அண்ணனுக்கு என்று நாடா கட்டி வைத்ததை அவளே பிரிப்பாளா? சித்தப்பா குறட்டை விட்டுத் தூங்கியதற்கு வீடே சாட்சி.

“நான் அந்தப் பக்கமே போகல” என்றார் மாப்பிள்ளை.

12.10. வார்க்காரம்மா எல்லோரையும் ஜன்னலருகே கூப்பிட்டார்.

“தம்பி, வார் பிய்யல. பாதி அறுத்திருக்கு, மீதிதான் பிய்ஞ்சிருக்கு. கண்ணாடியில பாருங்க. பிய்ஞ்ச இடம் நாரு நாரா இருக்கு. அறுத்த இடம் வழவழன்னு இருக்கு, பிளேடு.”

அண்ணன் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“நான் முனைத் துளையிலிருந்து ஒரு கீறல் போடுவேன், தோள் பக்கமா. குமிழ் அந்த வழியா உள்ள வரும். கிட்டாரோட கனம் இழுக்குறப்ப குமிழ் முனைப் பக்கம் போய் உட்கார்ந்துக்கும், அங்க தோல் முழுசா இருக்கும். இங்க இன்னொரு கீறல், முனைப் பக்கமா. இறுக்கமா இருக்கேன்னு யாரோ வழியைப் பெருசு பண்ணியிருக்காங்க. அதனாலதான் உங்களுக்கு வெண்ணெய் மாதிரி இறங்குச்சு. பழகினவங்க அந்தப் பக்கம் கத்தியே வைக்க மாட்டாங்க.”

பழகினவர் என்றதும் சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். சந்தேகப் பட்டியலில் தான் இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

“அறுத்தவர் அதோட விடல. கிட்டாரை மாட்டி ஒரு மணி நேரமாவது நின்னிருக்கார். புதுத் தோலு, கனம் பட்டா அப்படியே வாங்கிக்கும். எல்லாம் இரண்டாவது துளையில. உங்க தங்கச்சி அதுல மாட்டினா கிட்டார் கழுத்துக்கு வந்துடும். சித்தப்பா தொந்தியைத் தாண்டவே தாண்டாது.” அவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். “இடது கையைக் காட்டுங்க, தம்பி.”

மாப்பிள்ளை காட்டவில்லை. தங்கைதான் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினாள். நான்கு விரல் நுனியிலும் சிவப்பாகக் கோடு கோடாக இருந்தது.

“தோலு பார்க்குறதுதான் என் பொழைப்பு. டிரம்ஸ் குச்சி புடிச்சா உள்ளங்கையில காய்க்கும், விரல் பக்கவாட்டுல காய்க்கும். நுனியில கோடு விழுந்தா அது கம்பி.”

மாப்பிள்ளை டீ கிளாஸைக் கீழே வைத்தார். மூன்று மாதமாக, பரணில் கிடந்த அண்ணனின் பழைய கிட்டாரை எடுத்து, மனைவி எழுந்திருக்கும் முன் மொட்டை மாடியில் பழகி வந்ததைச் சொன்னார். அதற்கு வார் கிடையாது. அதனால் என்றைக்கும் உட்கார்ந்துதான் வாசித்தார்.

“பதினொரு வருஷமா பின்னாடி உட்கார்ந்தே இருக்கேன், மச்சான். இன்னிக்கு விடியக்காலையில, ஒரு தடவை நின்னு பார்க்கணும்னு தோணுச்சு. இழுத்து மாட்டினா ஸ்ட்ராப் கிழிஞ்சுடுமோன்னு பயந்துதான் லேசா கீறினேன். காலையில நீங்க இந்த அம்மாவைத் திட்டினப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல.”

கிழியக் கூடாதென்று அறுத்த மனிதரை வார்க்காரம்மா அதுவரை பார்த்ததில்லை. கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. தங்கைக்கு இரண்டும் வரவில்லை. கணவரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் வெளியே போய், கைப்பேசியைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தார். பழைய படம் போயிருந்தது. அந்த இடத்தில் புது வரி: ‘ஸ்ட்ராப் மேல தப்பு இல்ல. தப்பு எங்க வீட்டு மேல. அவசரப்பட்டதுக்கு வார்க்காரம்மாகிட்ட மன்னிப்பு கேக்குறேன்.’ வார்க்காரம்மா அதை இரண்டு முறை படித்தார். சரி என்று கைப்பேசியைப் பையில் போட்டார்.

12.40. முறிந்த கழுத்தை ஒட்டப் பத்து நாளாகும் என்று பழுது பார்ப்பவர் சொல்லிவிட்டார். மாலைக்கு அந்தப் பழைய கிட்டார்தான். மாப்பிள்ளை போய்க் கொண்டுவந்தார். புதுக் கம்பி போட்டு, பளபளவென்று வைத்திருந்தார். வார்க்காரம்மா பிய்ந்த முனையை வெட்டி எறிந்தார். இரண்டு விரல் தள்ளிப் புதுத் துளை போட்டு, தோள் பக்கமாக ஒரு கீறல் போட்டார். வார் நீளம் குறைந்ததால் கொக்கியை ஏழாவது துளைக்கு மாற்றினார். அண்ணன் குமிழில் மாட்டப் பார்த்தார். மாட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினார்.

“கட்டைவிரல் வலிக்குதும்மா.”

“வலிக்கணும்” என்றார் வார்க்காரம்மா.

பையை எடுத்துக்கொண்டு அவர் வாசல்வரை போனபோது அண்ணன் கூப்பிட்டார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலேயே பேசினார். கிட்டார் உடைந்ததற்கு ஒரு வாரம் அவரோடு பேசப் போவதில்லை என்று முன்பே அறிவித்திருந்தார்.

“இன்னொரு ஸ்ட்ராப் வேணும். இதே மாதிரி.”

“யாருக்கு?”

அண்ணன் டிரம்ஸ் பக்கம் தாடையைக் காட்டினார். தங்கை உடனே அளவு நாடாவைத் தேடினாள். அவசியமில்லை என்று வார்க்காரம்மா கையமர்த்தி, நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்: இரண்டாவது துளை.