வெட்டப்பட்ட இரண்டாம் தாள்

தென்காசியில் தையல்கடை மாடியில் இருக்கும் உமாராணியின் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பத்திரத்தோடுதான் வருவார்கள். கையெழுத்து அப்பா போட்டதா, அண்ணன் போட்டதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். போலீஸில் ஆவணப் பரிசோதனைப் பிரிவில் பதினோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் உமாராணி. அதனால், சாரலில் நனைந்த குடையை மடக்கிக்கொண்டு படியேறி வந்த பெண், பைக்குள்ளிருந்து ஒரு ஜப்பானியப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்ததும், நாசருக்கு ஒன்றும் புரியவில்லை.

நாசர் சவூதியில் தம்மாமில் எட்டு வருடம் சரக்குக் கிட்டங்கி பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். சொந்தமாக ஒரு கார் வைத்திருக்கிறான். உமாராணிக்கு ஓட்டுநர் என்று ஊர் சொல்லும். துப்பறிவதில் பாதிப் பங்கு தன்னுடையது என்று அவன் சொல்லுவான். வந்தவளுக்கு அவனே நாற்காலி இழுத்துப் போட்டான்.

அவள் பெயர் முஹ்ஸினா. சென்னையில் ஒரு ஜப்பானிய கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு தென்காசிக்கு வந்தவள். ஜப்பானில் ஷிரானெ விருது என்று ஒன்று உண்டாம். புதிதாக எழுத வருகிறவர்களுக்கு வருடத்தில் இரண்டு முறை கொடுப்பார்கள். அறிவித்த மறுநாளே அந்தப் புத்தகத்தைக் கடைகளில் மலையாகக் குவித்துவிடுவார்களாம். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவர் என்று யார் யாரோ அந்த விருதால் ஒரே நாளில் எழுத்தாளராகியிருக்கிறார்கள். முஹ்ஸினா பதினோரு வருடமாக ஜனவரியிலும் ஜூலையிலும் அந்தப் புத்தகத்தைத் தவறாமல் வரவழைத்துப் படிக்கிறவள். போன வருடம் ஜனவரியில் விருது வாங்கிய மிசாகி தொகுராவின் நாவலைப் படித்த அன்றே, இதைத் தமிழில் கொண்டுவராமல் விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். பதினாலு மாதம் உட்கார்ந்து, 'ஏழாவது படகுத்துறை' என்று பெயர் வைத்து முடித்தும் விட்டாள்.

புத்தகத்தின் உள்பக்கங்கள் அச்சாகிவிட்டன. அட்டையும் முன்னுரை இருக்கும் முதல் பதினாறு பக்கப் பாரமும் மட்டும் பாக்கி. நாளைக் காலை பொதிகை எக்ஸ்பிரஸில் மிசாகி தொகுராவே வந்து இறங்குகிறார். பத்து மணிக்குக் குற்றாலத்தில் வெளியீடு. இந்த நேரத்தில்தான் தமிழ்ப் பேராசிரியர் நமசிவாயம் உரிமை கொண்டாடிக் கிளம்பியிருந்தார். மொழிபெயர்ப்பு தன்னுடையது, இந்தப் பெண் தட்டச்சு செய்து கொடுத்தவள் மட்டுமே என்று பதிப்பாளர் சொரிமுத்துவிடம் சொல்லியிருக்கிறார். தன் பெயரைப் போடாவிட்டால் நாளை மேடையிலேயே எழுந்து, மிசாகி அம்மாள் முன்னிலையில் சொல்வேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

"டிசம்பர் மாசம் தமிழை மட்டும் பாத்துக் குடுங்கன்னு முதல் நூத்திப் பன்னெண்டு பக்கத்தை அவங்ககிட்ட நான்தான் குடுத்தேன்க்கா," என்றாள் முஹ்ஸினா. "இப்போ அதையே கையால எழுதி வச்சுக்கிட்டு, இதுதான் மூலம்னு காட்டுதாங்க. பேரு வராட்டா என்ன, விட்டுத் தொலைன்னு எங்க மாமி சொல்லுதாங்க. என்னால விட முடியாதுக்கா."

அவருக்கு ஜப்பான் மொழி தெரியுமா என்று உமாராணி கேட்டார். அகராதி வைத்துத் தானே படித்துக்கொண்டதாகவும், வாசிக்க வரும், பேச வராது என்றும் அவர் சொல்கிறாராம். ஒரு பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டியதுதானே என்று நாசர் குறுக்கே விழுந்தான். அதையும் முஹ்ஸினா கேட்டுப் பார்த்திருக்கிறாள். சொரிமுத்து கல்லூரியில் அவரிடம் படித்தவர். வாத்தியாருக்கே பரீட்சை வைக்கச் சொல்லுதியா என்று கையைப் பிசைந்தாராம். சாயங்காலம் ஐந்து மணிக்கு அட்டை அச்சுக்குப் போக வேண்டும். யார் பெயர் என்று அதற்குள் முடிவாக வேண்டும்.

"உன் புத்தகம் எங்கிட்ட இருக்கட்டும்," என்றார் உமாராணி. "அவரு புத்தகம் எங்க இருக்கு?"

ஆதாரம் என்று அதையும் கையால் எழுதிய தாள்களையும் சொரிமுத்துவிடமே கொடுத்து வைத்திருந்தார் பேராசிரியர். அவ்வளவு தைரியம்.

விசுவநாதர் கோயில் பக்கத்தில் சொரிமுத்துவின் புத்தகக் கடை. ஐம்பது வயதில் மனிதர் அன்றைக்கு எழுபது மாதிரி இருந்தார். போன வருடத்துக்கு முந்தின வருடம் மே மாதத்தில் பேராசிரியர் ஒரு தமிழ் மாநாட்டுக்காக டோக்கியோ போனது உண்மை. படமெல்லாம் பேப்பரில் வந்தது. அப்போது அங்கே ஒரு கடையில் இந்தப் புத்தகத்தை வாங்கியதாகச் சொல்கிறார். விருது கிடைக்க இன்னும் எட்டு மாதம் இருந்தது, யாரும் சீண்டாத புத்தகத்தை நான்தான் கண்டெடுத்தேன் என்று பெருமை வேறு. முஹ்ஸினாவோ விருது அறிவித்த பிறகு வாங்கியவள். தேதிக் கணக்குப்படி பார்த்தால் அவர்தான் முந்தி.

நாசர் அந்தப் புத்தகத்தை ஆவலோடு வாங்கினான். வலப்பக்கமிருந்து திறக்கும் குர்ஆனைச் சின்ன வயதிலிருந்து ஓதிப் பழகிய கை. அது பாட்டுக்கு வலப்பக்க அட்டையைத் திறந்தது. மேலே தலைப்புத் தாள். அதன் உள்பக்கத்தில் பேராசிரியரின் கையெழுத்து, 'டோக்கியோ' என்ற சொல், மே மாதத் தேதி. ஓரங்களில் எல்லாம் பென்சில் குறிப்புகள். 'அருமை', 'ஆழ்ந்து நோக்குக', 'மீண்டும் படிக்க' என்று மணிமணியாக எழுதியிருந்தார். நாசருக்கு மனசு இறங்கிவிட்டது. ஒருவேளை இந்தப் பெண்தான் பொய் சொல்கிறாளோ என்றுகூட ஒரு கணம் நினைத்தான்.

"அக்கா, ஆளு நெசமாவே படிச்சிருக்காருக்கா. சொரிமுத்து அண்ணாச்சிகிட்ட காட்டும்போது, வலப்பக்கத்துல இருந்துதான் திறந்தாராம். தெரியாதவன் நம்ம புத்தகம் மாதிரில்லா திறப்பான்?"

"நீயும்தான் வலப்பக்கத்துல இருந்து திறந்த. உனக்கு ஜப்பான் மொழி தெரியுமா?"

நாசர் புத்தகத்தை அவரிடம் நீட்டினான். உமாராணி தலைப்புத் தாளுக்கு அடுத்த இடத்தில் விரல் நுனியை வைத்து மேலிருந்து கீழே ஓட்டினார். தையலை ஒட்டி ஒரு நூல் அகலத்துக்குக் காகிதம் நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் தாளைப் பிளேடால் வெட்டி எடுத்திருக்கிறார்கள். சாரலில் பூஞ்சை பிடித்துவிட்டது, அதனால் வெட்டிவிட்டேன் என்று பேராசிரியர் சொன்னதாகச் சொரிமுத்து சொன்னார். உமாராணி அதற்கு முன்னாலும் பின்னாலும் இருந்த தாள்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இரண்டும் புது நோட்டு மாதிரிப் பளிச்சென்று இருந்தன.

பிறகு முஹ்ஸினாவின் பிரதியைப் பக்கத்தில் வைத்து, அதில் இரண்டாம் தாள் எப்படி இருக்கிறது என்று பார்த்தார். கடைசிப் பக்கம்வரை இரண்டையும் சேர்த்துப் புரட்டி, இரண்டு மூன்று இடங்களில் தன் கைபேசிக் காமிராவைக் காட்டிப் பார்த்தார். முடித்ததும், பேராசிரியரை நாலு மணிக்குக் குற்றாலத்து வெளியீட்டு மண்டபத்துக்கு வரச் சொல்லும்படி சொரிமுத்துவிடம் சொன்னார். காபி குடிக்கலாமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னார். அந்தக் குரல் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நாசருக்குத் தெரியும். என்ன முடிந்தது என்றுதான் தெரியவில்லை. குற்றாலம் போகிற வழியில் மேலகரம் தாண்டும்வரை கேட்டுப் பார்த்தான். ரோட்டைப் பார்த்து ஓட்டு என்று பதில் வந்தது.

மண்டபத்தில் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்தருவிக்குப் போகிற வண்டிகளின் ஹாரன் சத்தம் உள்ளே வரை கேட்டது. பேராசிரியர் நமசிவாயம் வெள்ளைச் சட்டையில், கையில் குடையோடு, மாப்பிள்ளை வீட்டார் மாதிரி வந்தார். முஹ்ஸினா எழுந்து நின்றாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. சொரிமுத்து இரண்டு பேரையும் பார்க்க முடியாமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயாவுக்குப் பரீட்சையெல்லாம் ஒண்ணும் இல்ல," என்று உமாராணி தொடங்கினார். "ஒரே ஒரு விவரம் வேணும். இந்தப் புத்தகம் எப்போ அச்சானதுன்னு போட்டிருக்கும்லா, அது எங்கன இருக்கு?"

பேராசிரியர் சிரித்தார். "அந்தத் தாள்தான் பூஞ்சை புடிச்சுப் போயிட்டே. தலைப்புக்குப் பின்னால இருந்தது. எந்தப் புத்தகத்துலயும் அங்கனதானே இருக்கும்?"

"அதுல என்ன போட்டிருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"முதல் பதிப்பு, மார்ச் மாதம். பதிப்பகத்தோட முகவரி. வேற என்ன இருக்கப் போகுது?"

உமாராணி முஹ்ஸினாவின் பிரதியைத் திறந்து, இரண்டாம் தாளை அவர் பக்கம் திருப்பினார். வெற்றுத் தாளின் நடுவே செங்குத்தாக ஒரே ஒரு வரி இருந்தது. அதைத் தவிர எதுவும் இல்லை. பதிப்பகம், முகவரி, தேதி எதுவுமே இல்லை.

"இது சமர்ப்பண வரி," என்றார் உமாராணி. "ஒரு வரி சமர்ப்பணத்தை எதுக்கு ஒருத்தர் பிளேடு வச்சு வெட்டணும்? பூஞ்சைன்னா பக்கத்துத் தாளையும் தொட்டிருக்கும்லா. அதனால வெட்டினவரு அங்கன வேற என்னமோ இருக்குன்னு நெனச்சிருக்காரு. நம்ம ஊருப் புத்தகத்துல தலைப்புக்குப் பின்னாலதான் பதிப்பு விவரம் வரும். முப்பது வருஷமா தமிழ்ப் புத்தகம் பாத்த கண்ணு ஐயாவுக்கு. எழுத்து தெரியலன்னாலும் இடம் தெரியும்னு நம்பிட்டாரு. ஜப்பான்காரங்க அந்த விவரத்தைக் கடைசிப் பக்கத்துல போடுதாங்க. இந்தப் புத்தகத்தை ஒருதடவை கடைசிவரை படிச்சவங்களுக்குக்கூட இது தெரிஞ்சிருக்கும்."

பேராசிரியரின் பிரதியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்து சொரிமுத்துவிடம் நீட்டினார். எண்களைக்கூட அவர்கள் எழுத்திலேயே போட்டிருந்ததால், பார்த்தால் தேதி என்றே தோன்றாது. முஹ்ஸினா படிக்க வேண்டாம், உங்கள் கைபேசியிலேயே காமிராவைக் காட்டி மொழிபெயர்த்துப் பாருங்கள் என்றார் உமாராணி. சொரிமுத்து கைபேசியைப் பக்கத்தின் மேல் பிடித்தார். இரண்டு தடவை காட்டிய பிறகுதான் எழுத்து தெளிவாக வந்தது.

"முதல் அச்சு, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மார்ச்," என்று படித்தார். கொஞ்சம் நிறுத்தி மறுபடி பார்த்தார். "ஏழாம் அச்சு, போன வருஷம் ஏப்ரல்."

நாசர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். போன வருடம் ஏப்ரலில் அச்சான புத்தகத்தை அதற்கு முந்தின வருடம் மே மாதம் எப்படி வாங்க முடியும்? விருது வந்து மூன்று மாதம் கழித்து, விற்பனைக்குக் குவித்த பிரதிகளில் ஒன்று அது. அதற்குப் பிறகு யாரிடமோ சொல்லி வரவழைத்து, பழைய தேதியைப் போட்டு வைத்திருக்கிறார். அவனுக்கு இப்போது பென்சில் குறிப்புகளும் வேறு மாதிரித் தெரிந்தன. 'அருமை' என்பதை எந்த மொழிப் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் எழுதலாம். இதை அவனே வாய்விட்டுச் சொன்னான். உமாராணி அவனைப் பார்த்துத் தலையசைத்தார். அன்றைய கூலி அவனுக்கு அதிலேயே கிடைத்துவிட்டது.

"ஐயா கையால எழுதி வச்ச பிரதியும் நூத்திப் பன்னெண்டாம் பக்கத்தோட நிக்குது," என்றார் உமாராணி. "மிச்சத்தை இந்தப் பொண்ணு திருப்பித் தரலன்னு அண்ணாச்சிகிட்ட ஐயா சொல்லியிருக்கீங்க. இந்தப் பொண்ணு உங்களுக்குத் தந்ததே அவ்வளவுதான்."

பேராசிரியர் குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு சொரிமுத்துவைப் பார்த்துத்தான் சொன்னார்: "முப்பத்திரண்டு வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்தேன்ப்பா. எத்தனையோ பேரு புத்தகத்துக்குப் பிழை பாத்துக் குடுத்திருக்கேன். ஒரு அட்டையிலகூட என் பேரு வந்ததில்ல. இந்தப் பக்கங்களைப் படிக்கையில, இப்படி ஒண்ணு நான் எழுதியிருக்கணும்னு தோணிச்சு. தோணிக்கிட்டே இருந்துச்சு."

நாசருக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. சொரிமுத்துவுக்குக் கோபம் மட்டும்தான். மாணவனாக அடங்கி நின்ற நேரத்துக்கெல்லாம் சேர்த்து வந்த கோபம் அது. அச்சகத்தைக் கூப்பிட்டார். அட்டையை ஓட்டலாம் என்று சொல்லிவிட்டு, முதல் பாரத்தில் முன்னுரையின் கடைசியில் பேராசிரியருக்கு நன்றி சொல்லியிருக்கும் பத்தியை அடியோடு தூக்கிவிடச் சொன்னார்.

"அது இருக்கட்டும் அண்ணாச்சி," என்றாள் முஹ்ஸினா.

சொரிமுத்து கைபேசியைக் காதிலிருந்து எடுத்தார். உமாராணிகூட நிமிர்ந்து பார்த்தார்.

"அவங்க அந்த நூத்திப் பன்னெண்டு பக்கத்தையும் பாத்தாங்க. எட்டு இடத்துல என் தமிழைத் திருத்துனாங்க. எட்டும் சரியாத்தான் இருக்கு, அப்படியேதான் அச்சாயிருக்கு. நான் செஞ்சதை அவங்க செஞ்சதுன்னு சொன்னப்போ எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அவங்க செஞ்சதை நான் செஞ்சதுன்னு நான் போட மாட்டேன்."

பேராசிரியர் அப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தார். துடைத்துப் போட்டிருந்த நாற்காலி ஒன்றில் மெல்ல உட்கார்ந்தார்.

அச்சகத்துக்காரர் இன்னும் இணைப்பிலேயே இருந்தார். சொரிமுத்து கைபேசியை மறுபடி காதில் வைத்தார். "முன்னுரையில கை வைக்க வேண்டாம், இருக்கது அப்படியே இருக்கட்டும்," என்றார். "அட்டையில, மொழிபெயர்ப்பு முஹ்ஸினா. ஆமா, அந்த ஒரு பேருதான்."